வேர்த்த மூடி

எனக்கு வாய் நீளம். கம்பெனி சூப்பர்வைசரிலிருந்து தெருவுக்கு வருகிற தண்ணி லாரிக்காரர் வரைக்கும் எல்லோருக்கும் இது தெரியும். யாருக்கும் பயந்து பேசி எனக்குப் பழக்கமில்லை. அப்படிப்பட்ட நான் போன வருஷம் ரெண்டு வாரம் ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் மூடியைத் திறக்கப் பயந்து செத்தேன். படிக்கிறவர்கள் சிரிக்கலாம். வேறு எவளாவது இப்படிச் செய்தாள் என்று கேள்விப்பட்டால் நானும் சிரிக்கிற ஆள்தான்.

கள்ளிக்குப்பத்தில் மாடி போர்ஷன் எங்களுடையது. நானும் மாமியாரும் இருந்தோம். மகள் திருச்சியில் ஹாஸ்டலில் படிக்கிறாள். வீட்டுக்காரர் கப்பலில். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் இருபது வருஷம் நின்ற மனுஷன். பட்டறையை மூடினார்கள். எட்டு மாசம் வீட்டில் உட்கார்ந்து என் வாயால் திட்டு வாங்கிவிட்டு, யாரோ சொன்னார்கள் என்று ஏஜென்ட்டைப் பிடித்து, சரக்குக் கப்பலில் என்ஜின் ரூம் ஃபிட்டராகப் போனார். அதுவரைக்கும் கடலில் முழங்கால் நனைகிற அளவுக்குத்தான் இறங்கியிருக்கிறார். ஒன்பது மாசம் கான்ட்ராக்ட். போ போ என்று பிடித்துத் தள்ளினதே நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு வந்த பயத்தில் பாதி இதனால் வந்தது.

நானும் எஸ்டேட்டில்தான் வேலை செய்கிறேன். பிரஸ்ஸில் அடித்து வருகிற சின்னச் சின்ன பார்ட்டை லென்ஸ் வைத்துப் பார்த்து, நல்லதை ஒரு பக்கமும் ரிஜெக்டை ஒரு பக்கமும் போடுகிற வேலை. மயிரிழை கீறல் இருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. பக்கத்து டேபிளில் உட்காருகிற அக்காதான் அந்த ஜப்பான் நாடகத்தைப் பற்றிச் சொன்னாள். "போர் முடிஞ்சப்புறம் ஒரு குடும்பம் எப்படி பொழச்சுதுன்னு காட்றான். தமிழ்லயே பேசறாங்க. உங்க அத்தைக்குப் பிடிக்கும்," என்றாள்.

அத்தை அப்போது நம்மூர் சீரியல்களை விட்டிருந்தார். எல்லாவற்றிலும் பாயசத்தில் விஷம் வைக்கிறாளுங்க, பார்த்துவிட்டுச் சோறு இறங்க மாட்டேன் என்கிறது என்று கோபம். அதனால் சாயங்காலம் ஏழரைக்கு என் போனைக் குக்கர் மேல் சாய்த்து வைத்து ரெண்டு பேரும் ஜப்பானைப் பார்க்க ஆரம்பித்தோம்.

குண்டு விழுந்து பாதி எரிந்த ஊர். தகரம் அடித்த ஒரு வீடு. அதில் ஒரு அம்மா, ஒரு மருமகள். மருமகள் பழைய துணியைப் பிரித்துத் தைத்துக் கொடுத்து அரிசி வாங்குவாள். அந்த அரிசியோடு சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சேர்த்துப் பொங்குவார்கள். பட்டாளத்துக்குப் போன மகன் திரும்பி வரவில்லை. செத்துவிட்டான் என்றும் தகவல் இல்லை. ஒவ்வொரு ரயிலுக்கும் அந்த அம்மா ஸ்டேஷனுக்குப் போய் நின்றுவிட்டு வருவார். கதை அவ்வளவுதான்.

தமிழ்தான் ரொம்ப சுத்தமாக இருந்தது. "அன்னையே, நான் சென்று வருகிறேன்" என்பாள் மருமகள். "சென்று வா மகளே" என்பார் மாமியார்.

"ஜப்பான்காரிச்சி நம்மள வுட நல்லா தமிழ் பேசுறாமே," என்று அத்தை சிரித்தார். "அந்த பொண்ணு பாரு, மாமியார எப்டி மரியாதயா பேசுது. நீயும்தான் கீற."

"அந்த மாமியார் காபியில சக்கர பத்தலன்னு நொட்டை சொல்லல, அத்தே."

ஆனால் அத்தைக்கு அவர்களிடம் ஒரு விஷயம் ரொம்பப் பிடித்தது. வீட்டை விட்டு யார் கிளம்பினாலும் "சென்று வருகிறேன்" என்றுதான் சொன்னார்கள். ஒருத்தரும் "போகிறேன்" என்று சொல்லவில்லை. "பார்த்தியா, அங்கயும் போறேன்னு சொல்ல மாட்டாங்க," என்றார். எங்கள் வீட்டில் அது அத்தையின் சட்டம். கடைக்குப் போனாலும் "போயிட்டு வரேன்" என்று சொல்லாவிட்டால் வாசல் வரைக்கும் வந்து திரும்பச் சொல்ல வைப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வீட்டுக்காரரிடமிருந்து மெசேஜ் வந்தது. "இனிமே சண்ட நடக்கற ஏரியா. நெட் இருக்குமா தெரியல. டூட்டிக்கு போறேன்." அவ்வளவுதான். நான் பதிலுக்குப் போட்ட மெசேஜில் ஒற்றை டிக் விழுந்தது. சனிக்கிழமையும் ஒற்றை டிக். ஞாயிறும். அந்தப் பக்கத்துக் கடலில் கப்பல் மேல் குண்டு போடுகிறார்கள் என்று டிவியில் காட்டினார்கள். நான் டிவியை நிறுத்தி, ரிமோட்டை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினேன்.

"போறேன்" என்று எழுதியிருந்ததை நான் அத்தையிடம் சொல்லவில்லை. நெட் இல்லையாம் என்று மட்டும் சொன்னேன்.

நாலாம் நாள் செவ்வாய்க்கிழமை. சும்மா இருந்தால் இன்னும் பயமாக இருக்கிறது என்று நாடகத்தைப் போட்டேன். ஏழாவது பாகம். அதில் அந்த அம்மா, மகன் போட்டோ முன்னால் ஒரு கிண்ணத்தில் சுடுசோறு வைத்து மூடினார். பக்கத்து வீட்டுக்காரி வந்து, உங்கள் மகன் இறந்துவிட்டானா என்று கேட்டாள். அந்த அம்மா இல்லை என்று தலையாட்டினார். "அவன் பங்கு உணவை இங்கே வைத்தால், அவன் இருக்குமிடத்தில் பட்டினி கிடக்கமாட்டான்," என்றார். "ஒரு நாளும் தவறாமல் வைக்க வேண்டும். மூடியில் நீர் கோத்திருந்தால் அவன் நலமாக இருக்கிறான் என்று பொருள்." பிறகு மூடியைத் திருப்பினார். உள்ளே பொடிப்பொடியாகத் துளி நின்றது. அதோடு பாகம் முடிந்தது.

அடுத்த பாகம் ஐந்து, நாலு, மூணு என்று போனில் தானாக எண்ண ஆரம்பித்தது. அத்தை போனைப் பிடுங்கிக் குப்புறக் கவிழ்த்தார்.

"வாணா. அடுத்தது போடாத."

"ஏன் அத்தே?"

"அந்த பையன் வரலன்னு காட்டிட்டான்னா?"

அன்றோடு நாடகம் நின்றது.

மறுநாள் காலையில் நான் அந்த வேலையைச் செய்தேன். வீட்டுக்காரர் பட்டறைக்கு எடுத்துப் போகிற டிபன் பாக்ஸ் பரண் மேல் இருந்தது. கீழே இறக்கி, புளி போட்டுத் தேய்த்து, சுடச்சுடச் சோறு போட்டு மூடி, சமையல்கட்டு ஷெல்ஃபில் வைத்தேன். நாடகத்தில் போட்டோ இருந்ததே என்று, அலமாரியில் இருந்த அவருடைய போட்டோவை எடுத்து பாக்ஸுக்குப் பின்னால் சாய்த்தேன். சத்தியமாக அதற்கு மேல் யோசிக்கவில்லை. எனக்கு அந்த ஜப்பான் அம்மா மட்டும்தான் மனசில் இருந்தார்.

அத்தை குளித்துவிட்டு வந்தார். போட்டோவைப் பார்த்தார். சோற்றைப் பார்த்தார். அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார்.

"இன்னாமே பண்ணி வெச்சிகீற?" போட்டோவைக் காட்டினார். "போட்டோ வெச்சு சோறு வெச்சா அதுக்கு பேரு இன்னா? உனுக்கு தெரியாதா? என் புள்ளைக்கு படையலா போடற?"

நம்ம வீட்டில் போட்டோவுக்கு முன்னால் சோறு வைப்பது யாருக்கு என்று எனக்குத் தெரியாதா? என் மாமனாருக்கு வருஷா வருஷம் நான்தானே இலை போடுகிறேன். அவர்கள் ஊரில் வரப்போகிறவனுக்கு வைக்கிறார்கள். நம் ஊரில் போனவனுக்கு வைக்கிறோம். அதே சோறு, அதே போட்டோ. உயிரோடு இருக்கிற புருஷனுக்கு நானே என் கையால் படையல் போட்டிருக்கிறேன்.

"அத்தே, நேத்து நாடகத்துல பார்த்தீங்கல்ல, அது மாதிரி" என்று ஏதோ உளறினேன்.

"அவ ஊர்ல ஆயிரம் கீது. உன் ஊர்ல நீ இரு." அத்தை எழுந்து போட்டோவை எடுத்து, முந்தானையால் துடைத்து, தன் தலகாணிக்கு அடியில் வைத்துக்கொண்டார். சோற்றைத் தொடவில்லை. நானும் தொடவில்லை. ஒரு முறை வைத்துவிட்டால் தவறாமல் வைக்க வேண்டும் என்று அந்த அம்மா சொன்னது காதில் ஓடிக்கொண்டே இருந்தது. போட்டோ இல்லாமல் பாக்ஸ் மட்டும் ஷெல்ஃபிலேயே இருந்தது. அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் மூடியைத் திருப்பினேன். துளி நின்றது. ஒரு நிமிஷம் மூச்சு நன்றாக வந்தது. பாக்ஸில் இருந்த சோற்றில் மோர் ஊற்றி நானே சாப்பிட்டேன்.

சுடுசோற்றை மூடினால் வேர்க்கும் என்று தெரியாத முட்டாள் இல்லை நான். ஆவி என்றால் என்ன என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஆனாலும் தினமும் பஸ் இறங்கி வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வருவேன். செருப்பைக் கழற்றாமலேயே ஷெல்ஃப் பக்கம் போவேன். துளி இருந்தால் அன்றைக்கு ராத்திரி கொஞ்சம் கண்ணயர்வேன். மகள் போன் பண்ணினால், அப்பா நல்லா இருக்கார், சிக்னல்தான் இல்லை என்று சாதாரணக் குரலில் சொல்ல அந்தத் துளி தேவைப்பட்டது.

பத்தாம் நாள் திங்கட்கிழமை பர்மிஷன் போட்டுவிட்டு கரையான்சாவடிக்குப் போனேன். மெயின் ரோட்டில் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் ஏஜென்ட் ஆபீஸ். எனக்கு முன்னால் ரெண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் அதே கப்பல்காரர்களின் வீட்டு ஆட்கள். ஒருத்தி மடியில் போனை வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதிலும் ஒற்றை டிக். ஏஜென்ட் என் முகத்தைப் பார்க்காமல் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினான்.

"கம்பெனிக்கு மெயில் போட்டிருக்கோம் சிஸ்டர். ரிப்ளை வரல. வந்தா நாங்களே கூப்பிடுவோம்."

"உங்க வூட்டு ஆள் இருந்தா இப்படித்தான் மெயில் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பீங்களா?" என்று கேட்டேன். சத்தம் போட வேண்டும் என்றுதான் போனேன். ஆனால் குரல் பாதியில் உடைந்துவிட்டது. அவன் தண்ணி பாட்டிலை நகர்த்தி வைத்தான். அவன் கொஞ்சம் இரக்கத்தோடு நகர்த்தியதுதான் எனக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது.

அந்தக் குழப்பத்தில் கேஸ் புக் பண்ண மறந்திருந்தேன். செவ்வாய்க்கிழமை காலையில் அடுப்பு பொசுக்கென்று அணைந்துவிட்டது. வேலைக்கு நேரமாகிவிட்டது. முந்தின நாள் மிச்சமிருந்த ஆறின சோற்றை பாக்ஸில் போட்டு மூடிவிட்டு ஓடினேன். சாயங்காலம் வந்து மூடியைத் திருப்பினால், உலர்ந்து கிடந்தது. துடைத்து வைத்த மாதிரி. ஒரு சொட்டு இல்லை.

சோறு ஆறினது என்று எனக்குத் தெரியும். காலையில் நானே போட்டேன். ஆனால் அந்த நேரம் அது ஒன்றும் நினைப்பில் நிற்கவில்லை. "அத்தே" என்று கத்தினேன். அப்படியே தரையில் உட்கார்ந்து, மூடியை மடியில் வைத்து, வாய் விட்டு அழுதேன். நான்தான் அனுப்பினேன், நான்தான் அனுப்பினேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் "போறேன்" என்று எழுதினதையும் அப்போதுதான் சொன்னேன். அத்தை பக்கத்தில் உட்கார்ந்தார். என் கையிலிருந்து மூடியை மெதுவாக வாங்கி உள்பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

மறுநாள் கேஸ் வந்துவிட்டது. விடியற்காலை சுடுசோறு வைத்துவிட்டுப் போனேன். சாயங்காலம் திருப்பினால் மூடி முழுக்க ஈரம். எனக்கு உயிர் வந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள்தான் உற்றுப் பார்த்தேன். ஆவித்துளி பொடிசாக, ஒரே மாதிரி, நெருக்கமாக நிற்கும். இது வாசல் தெளித்த மாதிரி ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. மூடியின் வெளிப்பக்கத்தில்கூட ரெண்டு துளி வழிந்து காய்ந்திருந்தது. சோற்றில் ஒரு ஓரம் நனைந்திருந்தது.

நான் திரும்பி அத்தையைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்க்கவேயில்லை. சுடுசோறு தானாக வேர்க்கும் என்று அவருக்கும் தெரியும். ஆனால் இன்னொரு முறை உலர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, கையால் தெளித்திருக்கிறார். லைனில் இப்படி ஒரு பீஸ் வந்தால் யோசிக்காமல் ரிஜெக்டில் போட்டிருப்பேன். வீட்டில் அதை நல்லது என்று பாஸ் பண்ணினேன். ஈரமாயிருக்கு அத்தே என்றேன். அவர், உம் என்றார்.

அத்தை அந்த நாட்களில் சரியாகச் சாப்பிடவில்லை. தட்டில் போட்டால் பிசைந்துகொண்டே இருப்பார். சுகர் மாத்திரை போடுகிற உடம்பு. திட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். "அவன் துன்னானோ இல்லியோ" என்பதோடு முடித்துக்கொள்வார். நான் நாள் எண்ணுகிறேன் என்று அவருக்குத் தெரியும். அவரும் எண்ணுகிறார் என்று எனக்குத் தெரியும். ரெண்டு பேரும் ஒரே நம்பருக்குத்தான் பயந்தோம். அதை வாயால் சொல்லவில்லை.

பதினாறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. பதினாறாம் நாள் என்றால் என்ன என்று நம் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செத்தவனுக்கு எல்லாவற்றையும் சமைத்து வைத்து, அனுப்பி வைக்கிற நாள். நான் காலையில் எழுந்து அரிசி களைய உட்கார்ந்தேன். அத்தை வந்து பின்னால் நின்றார்.

"இன்னிக்கு மட்டும் வெக்காத."

"ஒரு நாள் விட்டா கூட ஆகாதுன்னு அந்தம்மா சொன்னாங்க அத்தே."

"அவளுக்கு பதினாறு இல்லமே. நமக்கு கீது. இன்னிக்கு அவன் பேர்ல சோறு வெச்சா அது இன்னா சோறு, சொல்லு."

"வெக்கலன்னா அவர் அங்க பட்டினி கெடப்பாரே."

சொல்லிவிட்டேன். படித்த பொம்பளை, பதினைந்து வருஷம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறவள், ஒரு நாடகத்து வசனத்தை வைத்து என் மாமியாரிடம் சண்டை போடுகிறேன். வைத்தால் செத்தவன் ஆகிவிடுகிறார். வைக்காவிட்டால் பட்டினியில் செத்துப்போகிறார். எந்தப் பக்கம் திரும்பினாலும் என் கையால்தான். நான் அரிசிப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ரெண்டு பேரும் அதை மூடவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அத்தை குழாயை மூடினார். "ஆக்கு," என்றார். "சோறு ஆக்கு. கருவாட்டு கொழம்பு வெய்யி. அவனுக்கு புடிக்கும்."

வைத்தேன். பாக்ஸில் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, மூடப் போனேன். அத்தை மூடியைத் தள்ளிவிட்டார். பாக்ஸை எடுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிசைந்து, பெரிய கவளமாக வாயில் போட்டார். நான் திகைத்துப் போய்ப் பார்த்தேன். பதினாறு நாளாகச் சோற்றை அளைந்துகொண்டிருந்த மனுஷி.

"இன்னா பாக்கற?" என்றார் மென்றுகொண்டே. கண்ணில் தண்ணி ஓடுகிறது, துடைக்கவில்லை. "அவன் என் வயித்துல கீறப்ப யாரு அவனுக்கு தனியா சோறு வெச்சா? நான் துன்னது தான அவனுக்கு போச்சு. இப்பவும் போவும். இன்னும் ரெண்டு கரண்டி போடு."

போட்டேன். முழுசும் சாப்பிட்டார். நானும் அவருக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அன்றைக்கு மட்டும் மூடிக்கு வேலை இல்லை. எனக்குப் பயம் போகவில்லை. ஆனால் தனியாகப் பயப்பட வேண்டியதில்லை என்று இருந்தது.

பதினெட்டாம் நாள் செவ்வாய்க்கிழமை. கம்பெனியில் உள்ளே போகும்போதே போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். பதினொன்றரை மணி இருக்கும். சூப்பர்வைசர் என் டேபிளுக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, "உங்க மாமியார் வந்திருக்காங்களாம். கேட்டுல நிக்கறாங்க. நீங்க போய்ப் பாருங்க," என்றார். என்னிடம் ஒரு நாளும் குரலைத் தாழ்த்திப் பேசாத ஆள்.

அத்தை தனியாக பஸ் ஸ்டாண்டு தாண்டிப் போனதில்லை. கம்பெனி எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. நல்ல செய்தி போனில் வரும். ஆள் நேரில் வந்தால் என்ன செய்தி என்று எனக்குத் தெரியும். என் அப்பா போன அன்றும் கேட்டில் ஆள்தான் வந்து நின்றார். லென்ஸைக் கழற்றி வைத்தேனா இல்லையா என்று ஞாபகமில்லை. பிரஸ் மிஷின் சத்தம் மட்டும் காதில் விழுந்துகொண்டிருந்தது. ஷெட்டிலிருந்து கேட் வரைக்கும் நூறு அடி இருக்கும். அந்த நூறு அடியில் நான் மகளுக்கு யார் போய்ச் சொல்வது என்று யோசித்தேன். திருச்சியிலிருந்து அவளை யார் கூட்டிவருவார்கள் என்று யோசித்தேன். கை தானாகத் தாலியைப் பிடித்திருந்தது. விட்டால் கழன்றுவிடும் என்று இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அத்தை கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். காலில் செருப்பு இல்லை. தலை அவிழ்ந்து கிடந்தது. முகமெல்லாம் அழுது வீங்கியிருந்தது. செக்யூரிட்டி கொடுத்த பிளாஸ்டிக் சேரில் உட்காராமல் நின்றார். இன்னொரு கையில் டிபன் பாக்ஸ் மூடி. மூடி மட்டும்.

நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"துன்னானாம்மே," என்றார் அத்தை.

"யாரு?"

"எம்புள்ள. காத்தால ரொட்டி துன்னானாம். முட்ட துன்னானாம். ஏதோ ஒரு ஊர்ல கரையில எறங்கி போன் பண்ணான். உனுக்கு அடிச்சானாம், நீ எடுக்கலயாம். நான் மூடில தண்ணி தெளிச்சுகினு இருந்தேன், என் பட்டன் போன் அடிச்சுது. துன்னியாடான்னு தான் மொதல்ல கேட்டேன். துன்னேம்மான்னான்."

நான் அந்தப் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்தேன். தண்ணி தெளித்ததை அவரே சொல்லிவிட்டதை அவர் கவனிக்கவில்லை. எனக்குத்தான் முதலில் கோபம் வந்தது. இப்படியா வந்து நிற்பது, என் உயிர் போயிருக்குமே, செக்யூரிட்டியிடம் சொல்லி அனுப்பக் கூடாதா என்று கத்தினேன். அத்தை கம்பியைப் பிடித்தபடியே நின்று எல்லாத் திட்டையும் வாங்கிக்கொண்டார். பிறகு, "எனுக்கு போன் பண்ண தெரியாதே," என்றார். வெறுங்காலோடு கள்ளிக்குப்பத்திலிருந்து வழி கேட்டுக் கேட்டு வந்திருக்கிறார். பாதி வழி ஷேர் ஆட்டோ, பாதி நடை.

குண்டு போடுகிறவர்களுக்கு இடம் தெரியக் கூடாது என்று கப்பலில் எல்லாக் கருவிகளையும் அணைத்துவிட்டு ஓட்டினார்களாம். தாண்டினதும் போட்டுப் பார்த்தால் நெட் வரவில்லையாம். அவ்வளவுதான் விஷயம். "அதுக்கு இன்னா இவ்ளோ பயம்," என்று ரெண்டு மாசம் கழித்து வந்து நின்ற வீட்டுக்காரர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இனிமேல் கப்பல் கிடையாது என்று ஒரே வார்த்தையில் முடித்தேன். இப்போது பூந்தமல்லிப் பக்கம் ஒரு பட்டறையில் வேலை செய்கிறார். கீழே தண்ணி கேன் எடுக்கப் போனாலும் "போயிட்டு வரேன்" சொல்லாமல் நான் விடுவதில்லை. அத்தையின் சட்டம் இப்போது என் சட்டம்.

போன வாரம் அவரே அந்த நாடகம் என் போனில் கிடப்பதைப் பார்த்துவிட்டு, ஏழாவது பாகத்தோட நிக்குதே, மீதியைப் பார்க்கலாமா என்று கேட்டார். நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை மகனுடைய டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"வாணா," என்றார்.

"அந்த பையன் வந்துட்டானான்னு பாக்கலாம்மா."

"நமக்கு போன் வந்துச்சு. அந்தம்மாக்கு வராட்டி?" மூடியை எடுத்து உள்பக்கம் துடைத்தார். "போடாத வரைக்கும் அந்தம்மா சோறு வெச்சுகினே இருக்கும்டா. வெக்கட்டும்."